வெளியே டீக்கடை இல்லாத ஊர்

மீனம்பாக்கத்தில் என் கைப்பையைச் சோதித்த பெண், எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இது உள்ள வராது மேடம்" என்று ஓரமாக வைத்துவிட்டாள். என் மாமியார் போட்ட ஊறுகாய். வெயிலில் வைத்து, கிளறி, பாட்டிலின் வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தது. வயிறு எரிந்தது. ஆனால் அவள் கண்ணில் படாத இன்னொரு சாமானும் என்னிடம் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற மேரி மிஸ் எனக்கு உருவேற்றி அனுப்பிய ஆங்கில வாக்கியங்கள் அவை. ஊறுகாயை விட்டுவிட்டு அவற்றைப் பிடுங்கியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு நான் துவா செய்திருப்பேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் காருக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை எங்களுடையது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய நலன் பார்ப்பது என் பொறுப்பு. கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தாலும், கம்பெனி பஸ் மண்ணிவாக்கத்தில் மக்கர் பண்ணி நின்றாலும் என் போன்தான் அடிக்கும்.

தலைமை அலுவலகம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து யாரோ கணக்குப் பார்த்து, எல்லா நாட்டு ஆலைகளிலும் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு அலவன்ஸ் கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச ஒவ்வொரு ஆலையிலிருந்தும் இரண்டு பேர் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. எங்கள் ஆலை மேனேஜர் சீனிவாசன் சாரும் நானும் கிளம்பினோம்.

அலவன்ஸ் நல்லதுதானே என்று கேட்பீர்கள். காலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும், இரண்டாம் ஷிப்டு முடிய இரவாகிவிடும். தாம்பரத்தில் எடுக்கிற எங்கள் பஸ் முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று தெருமுனை தெருமுனையாக நின்று பெண்களை ஏற்றும், அதே முனையில் இறக்கியும் விடும். படப்பையில் உள்ளே தள்ளி ஒரு தெருவில் இருக்கிற தேவி வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னாள்: "எங்க மாமியாரு கம்பெனிய நம்பி அனுப்பல அக்கா, பஸ்ஸ நம்பி அனுப்புது. பஸ் நின்னா நானும் நின்னுடுவேன்." அவளைப் போல அந்த பஸ்ஸில் பாதிப் பேர். அலவன்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் எந்த வண்டிக்கு நிற்பார்கள்? இதைப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். நான் போனது அதற்குத்தான்.

"சொல்றத விட எப்படிச் சொல்றோங்கறது முக்கியம் பர்வீன்" என்றார் சீனிவாசன் சார். "நீ கேன்டீன் கான்ட்ராக்டர்கிட்ட பேசற மாதிரி அங்க பேசிடாத. ஃபார்மல் மீட்டிங்." அவர்தான் என்னை மேரி மிஸ்ஸிடம் அனுப்பினார். மிஸ் நல்ல மனுஷி. 'நோ' என்று நேராகச் சொல்வது செருப்போடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி என்பது அவருடைய கட்சி. மறுப்பதாக இருந்தால் முதலில் நன்றி சொல்லு, அப்புறம் எதிராளி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று சொல்லு, அப்புறம் நான் தவறாகவும் இருக்கலாம் என்று சொல்லு, அதற்கப்புறம் 'ஒருவேளை' போட்டு உன் கருத்தைச் சொல்லு என்பார். வீட்டில் என் கணவர் சலீமிடம் பழகிப் பார்த்தேன். "வித் டியூ ரெஸ்பெக்ட், நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு, ஐ மே பி ராங், ஒருவேளை சிலிண்டர் இன்னிக்கே மாத்தணுமோன்னு தோணுது."

"இன்னா பர்வீன், உடம்பு எதுனா சரியில்லையா?" என்றார் அவர். சிலிண்டர் மாற்றவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இறங்கினோம். அங்கிருந்து தலைமை அலுவலகம் இருக்கிற சின்ன ஊருக்கு ரயிலில் போகும்போது நடுவழியில் ஒரு ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தில் ஏதோ வேலையாம், மீதி தூரத்துக்கு பஸ் வருமாம். தூறலில் நின்றோம். "உங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று ஒலிபெருக்கி ஓயாமல் வருந்திக்கொண்டே இருந்தது. பஸ் வரவில்லை. எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. "இது அத்தனை நன்றாக இல்லை, இல்லையா?" என்றார் அவர். "அத்தனை நன்றாக இல்லைதான்" என்றார் அந்த அம்மாள். ரகளை என்றால் அவ்வளவுதான்.

நம் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு என்று சொல்லி பீச் போகிற மின்சார ரயில்களை ரத்து செய்கிறார்கள். ஆனால் தாம்பரம் ஸ்டேஷனில் அந்த அறிவிப்பு முடிவதற்குள் ஒரு குரல் கிளம்பிவிடும்: "இன்னாயா இது, மனுசன் வேலைக்குப் போவ வாணாமா?" முன்பின் தெரியாத நான்கு பேர் அதோடு சேர்ந்துகொள்வார்கள். டிக்கெட் கவுன்டரில் இருக்கிறவர் வெளியே வந்து ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"பாத்தியா பர்வீன், எவ்ளோ டீசன்டா நிக்கறாங்க" என்று சிலாகித்தார் சீனிவாசன் சார்.

"பஸ் வந்துதா சார்?"

"இன்னும் வரல."

"அப்புறம் என்ன சார்?"

அவர் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பஸ் வந்தபோது எனக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஓட்டுநரும் இறங்கி வந்து தன் பங்குக்கு வருந்தினார். ஹோட்டல் அறையில் தண்ணீர் சுடவைக்கிற கெட்டில் இருந்தது. கொண்டுபோன அவலை வெந்நீரில் நனைத்து, உப்புப் போட்டு, ஊறுகாய் இல்லாமல் தின்றேன். மீனம்பாக்கத்துப் பெண் மேல் மறுபடியும் கோபம் வந்தது.

திங்கட்கிழமை கூட்டம். சுவரெல்லாம் கண்ணாடியாக இருந்த அறை. மேஜை மேல் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், நடுவில் பிஸ்கட் தட்டு. தலைமை தாங்கியவர் பெயர் ஹெலன். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், பூனை நடக்கிற மாதிரி மெதுவான குரல். குற்றம் சொல்லக்கூடாது, என் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சரியாகவே கூப்பிட்டார். ஓர் இளைஞர் விளக்கிச் சொல்லச் சொல்ல, திரையில் ஒரு பஸ் படம் வந்தது, அடுத்த படத்தில் பஸ் இல்லை, அதற்கு அடுத்த படத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் கையில் போன். அந்தப் பெண் அலவன்ஸ் வாங்கிவிட்டாளாம்.

"ஒரகடம் என்ன நினைக்கிறது?" என்று ஹெலன் என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். மேரி மிஸ் உள்ளே இருந்து பேசினார். "முதலில் இந்த அருமையான விளக்கத்துக்கு நன்றி. நீங்கள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. நான் தவறாகவும் இருக்கலாம். என் தாழ்மையான கருத்தில், ஒருவேளை, சில பெண்களுக்கு, ஆரம்பத்தில், சிறிது அசௌகரியம் ஏற்படக்கூடுமோ என்று நாம் யோசித்துப் பார்க்கலாம்." ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மிஸ் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்.

"மிகவும் பயனுள்ள கருத்து, பர்வீன்" என்றார் ஹெலன். "ஆரம்ப அசௌகரியத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்வோம். வேறு ஆட்சேபம் இல்லையென்றால் மேலே போகலாமா?" சுற்றிலும் பார்த்தார். ருமேனியாவிலிருந்து வந்தவர் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனிவாசன் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஒரகடத்து ஆலையில் மீட்டிங் ஹாலில் யாரும் எதையும் மறுப்பதில்லை. மேனேஜர் சொல்வார், சுற்றி இருக்கிற எல்லோரும் "ஓகே சார்" என்போம். மீட்டிங் முடிந்ததும் கேட்டுக்கு எதிரே இருக்கிற செல்வம் அண்ணன் டீக்கடைக்குப் போவோம். அங்கே சீனிவாசன் சார் கண்ணாடி டம்ளரை உருட்டிக்கொண்டே, "சரி, இப்ப சொல்லுங்க" என்பார். அப்போதுதான் "அது ஆவாது சார்" என்று லைன் சூப்பர்வைசர் ஆரம்பிப்பார். சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரிக்கிற திட்டத்தை ஹாலில் எல்லோரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டு, டீக்கடையில் ஒரு சமோசா தீர்வதற்குள் ஒழித்துக்கட்டினோம். மறுநாள் வேறு சுற்றறிக்கை வந்தது. யாருக்கும் மரியாதை குறையவில்லை. பெரியவர்களை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசாமல், பேச வேண்டியதையும் விடாமல் இருக்க நாங்கள் கண்டுபிடித்த வழி அது.

ஆகவே அன்றைக்கும் கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தது. ஐந்து மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து கோட்டை மாட்டினார்கள். நான் ஓடிப்போய் ஹெலனைப் பிடித்து, "டீ சாப்பிட்டுக்கொண்டே கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு அருமையான யோசனை!" என்று என் கையைப் பற்றினார். "எப்போதாவது கட்டாயம் செய்ய வேண்டும்." காரில் ஏறிப் போய்விட்டார்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். கார் நிறுத்தும் இடம், புல்வெளி, மழை. டீக்கடையும் இல்லை, பெட்டிக்கடையும் இல்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு ஒரு மெஷினைக் காட்டினாள். அதில் பொத்தானை அமுக்கினேன். கழுவின தண்ணீர் மாதிரி ஏதோ வந்தது.

ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தபோது கூட்டத்தின் குறிப்பு மெயிலில் வந்திருந்தது. எல்லா ஆலைகளும் ஒப்புக்கொண்டனவாம். 'தொடக்கத்தில் சிறிது அசௌகரியம் இருக்கலாம் என்று குறிப்பிட்டு ஒரகடம் ஆலை ஆதரவு தெரிவித்தது.' வரும் ஏப்ரல் முதல் பஸ் கிடையாது. இரண்டாவது முறையும் படித்துப் பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சீனிவாசன் சார் உணவறையில் உருளைக்கிழங்கு வறுவலை முள்கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தார்.

"நான் எப்ப சார் ஆதரவு தெரிவிச்சேன்?"

"எதிர்ப்புத் தெரிவிக்கலயேம்மா."

"நீங்க?"

"நான் வெளிய வந்து ஹெலன்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் சார் இருந்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செல்வம் அண்ணன் கடையைக் கடல் தாண்டி எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு அசடுகள். சிரிப்பு வரவேண்டிய இடம், ஆனால் எனக்கு தேவியின் முகம் வந்தது.

"விடு" என்றார் அவர். "ஊருக்குப் போய் ஒரு மெயில் போடலாம். பொலைட்டா." பொலைட்டா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தத் தட்டைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற அவர்களுடைய ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். நல்ல ஆலை. தரையில் விழுந்த பொருளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். கார் வைத்திருப்பவர்கள் மட்டுமே வேலை செய்கிற ஆலை என்பதையும் கவனித்துக்கொண்டேன். மதியத்துக்கு மேல் மேனேஜர்களுக்கு மட்டும் ஏதோ கூட்டம் என்றார்கள். நான் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். பஸ் பார்க்கிறவள் அடுத்த நாட்டு பஸ்ஸையும் ஒரு கை பார்த்துவிடலாமே என்ற ஆசைதான்.

சாலையோரம் அழகான நிழற்குடை. உட்கார்ந்தேன். கார்கள் போயின. பஸ் வரவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு கட்டடத்திலிருந்து மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாள் வந்தார். வயது அறுபது இருக்கும், பருத்த உடம்பு, கையில் துணிப்பை.

"பஸ்ஸுக்கா நிற்கிறாய், கண்ணு? நிறைய நேரம் நிற்க வேண்டியிருக்கும். போன வருஷமே நிறுத்திவிட்டார்கள்."

கண்ணு என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல்லைத்தான் சொன்னார். தாம்பரம் சண்முகம் ரோட்டில் கீரை விற்கிற அம்மா கூப்பிடுகிற அதே மாதிரி. பெயர் ஜோன். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. பஸ் நின்றதிலிருந்து தினமும் இந்தச் சாலையில் நடந்துதான் போகிறார், வருகிறார். "வா, சேர்ந்து நடக்கலாம்" என்றார். நடைபாதை கிடையாது. புல் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஒவ்வொரு கார் போகும்போதும் முழங்கால் வரை சேறு தெறித்தது. நம்மூரில் மழைக்கால முடிச்சூர் ரோட்டில் நடந்து பழகிய கால்கள் என்பதால் எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவர் மூச்சு வாங்கியது.

"நிறுத்துவதற்கு முன்னால் உங்களைக் கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்காமலா? கூட்டம் போட்டார்கள். கேக் கூடக் கொடுத்தார்கள். ஊரே போயிருந்தது."

"என்ன சொன்னீர்கள்?"

"எங்களுக்குச் சிறிது ஏமாற்றமாக இருக்கிறது என்று சொன்னோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டதற்காக எங்களைப் பாராட்டினார்கள்." ஜோன் நின்று, மூச்சு வாங்கி, கடந்து போன காரின் முதுகைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மொழிபெயர்க்க மாட்டேன், ஆனால் நான் அங்கே கேட்ட ஆங்கிலத்திலேயே நேரானது அதுதான். "அந்த ராத்திரி நான் மேஜையைத் தட்டியிருக்கணும், கண்ணு. கேக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்."

ஊர் எல்லையில் ஒரு கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். மழைக்கு ஒதுங்கி, கடை ஓரத்திலேயே நின்று பகிர்ந்து தின்றோம். எங்கள் பஸ் கதையையும் அவரிடம் சொன்னேன். மீன் மேல் வினிகரைத் தெளித்தார் ஜோன். நம் வஞ்சிரம் வறுவலுக்குக் கால்தூசு பெறாது, மிளகாய்த்தூள் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த மீனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்டில் அடுப்பிலிருந்து சூடாக இறக்கி நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. காசு கொடுக்க என்னை விடவில்லை. "உன் பெண்களுடைய பஸ்ஸை விட்டுவிடாதே" என்று சொல்லிவிட்டுத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

புதன்கிழமை கடைசிக் கூட்டம். அதே கண்ணாடி அறை, அதே பிஸ்கட். ஹெலன் எல்லோருக்கும் நன்றி சொன்னார். "திங்கட்கிழமைக் குறிப்புகள் எல்லோருக்கும் வந்திருக்கும். அனைவருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளைப் புரட்டினார்.

"நோ" என்றேன்.

சொல்லிப் பாருங்கள். மிகச் சின்ன சொல். அந்த அறையில் அது விழுந்த மாதிரி வேறு எதுவும் விழுந்ததில்லை. மேஜைக்கு அடியில் சீனிவாசன் சாரின் ஷூ என் காலைத் தேடியது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மன்னிக்கணும், பர்வீன்?" என்றார் ஹெலன்.

"எனக்குச் சம்மதம் இல்லை. ஒரகடம் ஆலையின் பஸ்ஸை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பாதிப் பெண்கள் வேலையை விட்டுவிடுவார்கள்."

"ஆனால் திங்கட்கிழமை நீங்கள் சிறிது அசௌகரியம் என்றுதானே..."

"திங்கட்கிழமை நான் மரியாதையாகப் பேசினேன். இன்றைக்கு உண்மையைப் பேசுகிறேன். அசௌகரியம் இல்லை. அவர்களுக்கு வேலை போய்விடும். விடியுமுன் படப்பையிலிருந்து அவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. அலவன்ஸை இரண்டு மடங்காகக் கொடுத்தாலும் வண்டி வராது. வண்டி இல்லையென்றால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்."

என் ஆங்கிலத்தில் இலக்கணம் எங்கெங்கே உடைந்தது என்று தெரியாது. கவலையும் படவில்லை. படத்தை வைத்து விளக்கிய இளைஞர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது முக்கியமான கருத்து. இதை நாம் வெளியில், தனியாகப் பேசலாமே?"

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று நாளாக நான் தேடிய டீக்கடையை இப்போது எனக்கே காட்டுகிறார்.

"வெளியே டீக்கடை இல்லை" என்றேன். "இங்கேயே பேசலாம்."

அவருக்குப் புரியவில்லை. ருமேனியாக்காரர் மட்டும் முதல் தடவையாக பிஸ்கட்டை விட்டுத் தலையை நிமிர்த்தினார். ஹெலனின் முகம் சிவந்திருந்தது. கோபமா, கூச்சமா தெரியாது. "இது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கிறது" என்றார். ஜோனின் ஊர் சொன்ன அதே வாக்கியம். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் சுத்தமாகப் போய்விட்டது.

"இருக்கட்டும்" என்றேன். "குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரகடம் மறுக்கிறது என்று எழுதுங்கள். ஒருவேளை போட வேண்டாம்."

சீனிவாசன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். இருபத்தைந்து வருஷமாக மீட்டிங் ஹாலில் மேலிடத்தை ஒரு வார்த்தை மறுத்தறியாத மனிதர். "வித் டியூ ரெஸ்பெக்ட்" என்று ஆரம்பித்தார். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர், "அவள் சொல்வதுதான் சரி. ஆலை மேனேஜர் என்ற முறையில் நானும் மறுக்கிறேன்" என்று முடித்தார். அவர் கையில் இருந்த பேனா மேஜையில் தடதடவென்று தாளம் போட்டது.

அதற்கப்புறம் நிறையப் பேசினார்கள். ருமேனியாக்காரரும் அவர்கள் ஊர்ப் பனியைப் பற்றி ஏதோ நீளமாகச் சொன்னார். கடைசியில் ஒரகடத்து பஸ் ஓடும், ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசீலிக்கப்படும் என்று குறிப்பை மாற்றி எழுதினார்கள். எழுதியதை ஹெலன் எனக்குப் படித்துக் காட்டினார். அந்த மட்டில் அவர் நேர்மையான பெண்மணி. கை குலுக்கும்போது விரல் நுனியை மட்டும் கொடுத்தார். நான் முழுக் கையையும் கொடுத்தேன்.

விமானத்தில் சீனிவாசன் சார் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பிறகு, "இனிமே உன்னை இங்கெல்லாம் கூப்பிட மாட்டாங்கம்மா" என்றார்.

"உங்களை?"

"என்னையும்தான்." போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "பரவால்ல. சாப்பாடு சரியில்ல."

தாம்பரம் வந்து சேர்ந்த மறுநாள் மருந்துக்கடை வாசலில் மேரி மிஸ்ஸைப் பார்த்தேன். "எப்படிம்மா, நம்ம வாக்கியமெல்லாம் வேலை செஞ்சுதா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா வேலை செஞ்சுது மிஸ். அங்க அவங்க எல்லாரும் அதையே வச்சுத்தான் பஸ்ஸ நிறுத்தறாங்க" என்றேன். மிஸ்ஸுக்கு முகம் மாறியது. நல்ல மனுஷி, மனம் நோகும்படி சொல்லிவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த வகுப்பில் 'நோ' சொல்லவும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்டு பஸ்ஸில் நானும் ஏறினேன். வழக்கமாக நான் ஏறுகிற பஸ் இல்லை அது, ஆனால் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வெளியே இருட்டு. ஓட்டுநர் குமார் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, லண்டனெல்லாம் எப்டி கீது? நம்ம வண்டி கீதா, பூட்ச்சா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டாலும் வண்டி போனால் அவருக்கும்தான் வேலை போகும்.

"கீது அண்ணா" என்றேன். அவர் பாஷையிலேயே சொன்னால்தான் சொன்ன மாதிரி இருந்தது.

முடிச்சூரில் ஏறினார்கள், மண்ணிவாக்கத்தில் ஏறினார்கள். ஏறின ஒவ்வொருத்தியிடமும் முன்னால் ஏறினவள் சொன்னாள். படப்பையில் தெருமுனை விளக்கின் கீழே தேவி நின்றாள், பக்கத்தில் வழக்கம்போல அவள் மாமியார். மருமகள் ஏறிக் கதவு மூடுகிற வரை அந்த அம்மாள் நகரவில்லை. தேவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க போயி என்னக்கா சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா ஆறு மாசம் கழிச்சு திரும்பக் கேப்பாங்க. அந்தத் தடவ இங்கருந்தே வீடியோவுல மீட்டிங் போடுவாங்க. என்னைக் கூப்பிடுவாங்களோ மாட்டாங்களோ, தெரியல."

குமார் அண்ணன் கியர் மாற்றினார். தேவி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இல்லன்னா நான் போய் உக்கார்றேன் அக்கா" என்றாள். "எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா அந்த ஒரு வார்த்தை வரும்."